ஆபரேஷன் செய்யப்போகிறவர் யார் என்று தெரியாமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள்

எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு யோசித்துக்கொண்டிருக்கும் வடசென்னைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, போனில் விளம்பரம் பார்த்து நம்பர் கொடுத்தவர்களும், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் கல்யாண மண்டபங்களில் நடக்கும் இலவச முகாமில் எடை பார்த்துவிட்டு வந்தவர்களும் ஒரு தடவை படித்துவிடுங்கள். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், முடியும் வரை வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதுவுமில்லாமல், அந்த ஒரு இடத்தைத் தவிர்த்துவிட்டால் மட்டும் தப்பித்துவிட முடியாது. அவர்கள் ஆள் பிடிக்கிற முறை தெரிந்தால்தான் தப்பிக்கலாம்.

என் அக்காவுக்கு 41 வயது. காலடிப்பேட்டையில் டிபன் கடை வைத்திருக்கிறாள். ஐந்தடி உயரம், 104 கிலோ. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 44-க்கு மேல் வரும். சர்க்கரை, மூட்டுவலி, போதாததற்குப் பல வருஷமாக நெஞ்செரிச்சல். தோசைக்கல் முன்னால் நிற்க முடியாமல் கடையைப் பாதி நாள் மூட ஆரம்பித்தபோதுதான் ஆபரேஷன் பேச்சு வந்தது. அவளுடைய எடைக்கும் சர்க்கரைக்கும் அது சரியான வைத்தியம்தான். அதை இன்றைக்கும் மறுக்கவில்லை.

முகாமில் அவளிடம் பேசியது 'கவுன்சிலர்' என்று பேட்ஜ் மாட்டிய ஒரு பெண். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கையிலிருந்த டேப்லெட் திரையில் குண்டாக இருந்தவர்கள் ஒல்லியான படங்கள் வரிசையாக ஓடின. நடுவில் ஒரு பெரிய டாக்டரின் போட்டோ. "இவர்தான் மேடம் நம்ம சீஃப். சாவித்துவாரம் மாதிரி சின்ன ஓட்டை, மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம். பேக்கேஜ் ரெண்டே முக்கால் லட்சம், இந்த மாசம் அட்வான்ஸ் கட்டினா அந்த ரேட்டு." ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால் அந்தக் கவுன்சிலருக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு என்பது பிற்பாடு அவர் வாயாலேயே தெரிந்தது. நோயாளியை அனுப்பியதற்கு டாக்டர்கள் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிமுறைகளின்படி கூடாது. இடையில் ஒரு கம்பெனியை வைத்து, அதற்கு 'மார்க்கெட்டிங்' என்று பெயர் போட்டு நடத்துகிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஓபியில் ஒருவர் பத்து நிமிடம் பேசினார். நல்ல மனுஷர். கதவில் இருந்த பலகையில் எம்.பி.பி.எஸ். மட்டும்தான் இருந்தது. ஆபரேஷன் செய்யப்போகிறவர் அவரே என்று அக்காவும் மாமாவும் நினைத்துக்கொண்டார்கள். இல்லை என்று யாரும் திருத்தவில்லை. டிஸ்சார்ஜுக்கு அப்புறம் கேஸ் ஷீட், அதாவது ஆஸ்பத்திரி எழுதிவைக்கும் சிகிச்சைப் பதிவு, கைக்கு வந்தபோது, ஆபரேஷன் நோட்ஸில் எங்கள் வீட்டில் யாருமே கேள்விப்படாத ஒரு பெயர் இருந்தது. போட்டோவில் இருந்தவர் ஒருவர், ஓபியில் பேசியவர் ஒருவர், தியேட்டரில் அறுத்தவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் நகரத்தின் இன்னொரு கோடியிலிருந்து அன்றைக்கு வந்து, அக்காவை முதன்முதலாகத் தியேட்டர் மேஜையில் பார்த்து, வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாராம். அப்போது அக்கா மயக்கத்தில் இருந்தாள்.

வெளியிலிருந்து சர்ஜன் வருவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். சென்னையில் சின்ன ஆஸ்பத்திரிகள் பாதி அப்படித்தான் ஓடுகின்றன. நல்ல சர்ஜன்களும் அப்படி வருகிறார்கள். ஆனால் வந்தவருக்கு நோயாளியின் கதை தெரிந்திருக்க வேண்டும், போன பிறகும் அவரைப் பிடிக்க வழி இருக்க வேண்டும். இங்கே இரண்டுமே இல்லை.

கதை தெரியாததால் என்ன ஆயிற்று என்றால், நெஞ்செரிச்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அக்காவுக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குறுகலான குழாய் மாதிரி விடுவது. அந்தக் குழாய்க்குள் அழுத்தம் கூடும். ஏற்கெனவே அமிலம் மேலே ஏறுகிறவர்களுக்கு இன்னும் மோசமாகலாம். அதனால்தான் முன்கூட்டியே எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) போட்டுப் பார்த்து, உணவுக்குழாய் புண்ணாகியிருந்தால் ஸ்லீவுக்குப் பதில் பைபாஸ் பற்றி யோசிப்பார்கள். இதய பைபாஸ் இல்லை, இரைப்பையைச் சின்னதாக்கி நேராகக் குடலோடு இணைப்பது. பேக்கேஜ் தாளில் எண்டோஸ்கோப்பி என்று அச்சாகியிருந்தது. ஃபைலில் ரிப்போர்ட் இல்லை. செய்யவே இல்லை, ஆனால் காசு வாங்கியாகிவிட்டது.

பில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்க்கிறவன், காகிதத்தைக் காகிதத்தோடு ஒத்துப் பார்ப்பதுதான் தொழில். இரண்டே முக்கால் லட்சம் நான்கு லட்சத்தைத் தாண்டியதற்குப் பெரிய காரணம் ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ். இரைப்பையை வெட்டிக்கொண்டே தைத்துக்கொண்டு போகும் கருவியில் போடுவது. ஒரு தடவை போட்டால் அவ்வளவுதான், திரும்பப் பயன்படுத்தக்கூடாது. ஒவ்வொன்றின் பெட்டியிலும் லாட் நம்பரோடு (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) ஸ்டிக்கர் இருக்கும், அதை உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். கண்டெய்னருக்கு சீல் நம்பர் எப்படியோ அப்படி. பில்லில் எட்டு, கேஸ் ஷீட்டில் ஸ்டிக்கர் ஐந்து. மீதி மூன்று எங்கே என்று கேட்டதற்கு, "தியேட்டர்ல மிஸ் ஆயிருக்கும் சார்." நீங்கள் பில் கட்டும் முன்னால் இந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது எண்ணிப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்கும் என்றார்களே, அதுவும் பொய். அக்காவின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் கேஷ்லெஸ் ஒப்பந்தமே, அதாவது பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டும் ஏற்பாடே, கிடையாது. பொதுவாக, பிஎம்ஐ 40-ஆவது இருக்க வேண்டும், அல்லது 35-ஆவது இருந்து கட்டுக்குள் வராத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்று ஏதாவது இருக்க வேண்டும் என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வாசகம். காத்திருப்புக் காலம் வேறு இருக்கும். உங்கள் பாலிசியை நீங்களே கம்பெனிக்கு போன் போட்டுக் கேளுங்கள், கவுன்சிலர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இதெல்லாம் பணம். போனது போகட்டும் என்று விட்டிருப்போம். வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் விட முடியாதது.

அக்கா வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். முதலில் கஞ்சித் தண்ணி, பிறகு மோர், அப்புறம் வெறும் தண்ணீர்கூட நிற்கவில்லை. சர்ஜன் நம்பர் கேட்டால் தரமாட்டார்கள். எல்லாக் கேள்விக்கும் கவுன்சிலர் நம்பர்தான். "அப்படித்தான் இருக்கும் மேடம், சிப் சிப்பா குடிங்க. எல்லாருக்கும் இருக்கும்." ஆஸ்பத்திரிக்கே நேரில் போனபோது டியூட்டி டாக்டர் வாந்தி நிற்க ஊசி போட்டு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார். சில வாரம் இப்படியே போயிற்று. எடை மளமளவென்று இறங்கியதில் தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள்!

ஒருநாள் காலையில் எழுந்து, "தம்பி, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுடா" என்றாள். நடக்கும்போது கால் தள்ளாடியது. கடைக் கணக்கில் என்னமோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். அங்கே திரும்பக் கூட்டிப்போகாமல் ஆட்டோவைப் பிடித்து நேராக ஸ்டான்லிக்குப் போனோம்.

கேஷுவாலிட்டியில் இருந்த சின்ன வயது டாக்டர் ஆபரேஷன் நடந்த விஷயத்தையும், வாந்தியையும், இரட்டைப் பார்வையையும் கேட்டதுமே பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "முதல்ல தயமின் போடுங்க, அப்புறம்தான் குளுக்கோஸ்" என்றார். வைட்டமின் பி1. உடம்பில் அதன் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். சாப்பாடும் இறங்காமல் வாந்தியும் நிற்காமல் இருந்தால் தீர்ந்துபோய் மூளையைத் தாக்கும். அந்த நிலையில் பி1 போடாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இன்னும் கெடும் என்றார். அந்த ஆஸ்பத்திரியில் ஏற்றியது அதைத்தான். எடை குறைப்பு ஆபரேஷன் செய்கிற எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய பாடம் இது என்று அவர் சொன்னபோது மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு குடல் அறுவை சிகிச்சைப் பிரிவில் எண்டோஸ்கோப்பி போட்டார்கள். ஸ்லீவின் நடுவில் ஓரிடம் குறுகிப் போயிருந்தது. அதை உள்ளிருந்தே பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். வாந்தி நின்றது. பார்வை சரியாகிவிட்டது, தள்ளாட்டம் மெதுவாகக் குறைந்தது. இப்போது கடை திறக்கிறாள், சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது. நெஞ்செரிச்சலுக்கு மட்டும் தினமும் மாத்திரை, முன்னைவிட அதிக டோஸில்.

இனி போகிறவர்களுக்கு. அட்வான்ஸ் கட்டும் முன்னால், ஆபரேஷன் செய்யப்போகிற சர்ஜனையே ஓபியில் உட்கார வைத்துப் பேசுங்கள். "தியேட்டர்ல நீங்களே செய்வீங்களா, ராத்திரி ஏதாவதுன்னா யாருக்கு போன் பண்றது?" என்று கேளுங்கள். கோபப்படுகிறவரிடம் வயிற்றைக் கொடுக்க வேண்டாம். அவர் பெயரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், எம்.எஸ். (அறுவை சிகிச்சை மேற்படிப்பு) முடித்தபின் இந்த ஆபரேஷனில் எங்கே பயிற்சி எடுத்தார், வருஷத்துக்கு எத்தனை செய்கிறார் என்பதையும் கேட்கலாம், கூச்சம் வேண்டாம். ஐசியூவை மாடி ஏறிப் போய்க் கண்ணால் பாருங்கள். 2024 ஏப்ரலில் பம்மலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குச் சேர்க்கப்பட்ட, புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயதுப் பையன் இறந்துபோனது பேப்பரில் வந்ததே. அரசு விசாரணைக்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியின் பதிவை நிறுத்திவைத்தார்கள். அவசரத்துக்கு வேண்டிய வசதி இல்லை என்பதுதான் அங்கேயும் பேச்சு.

சம்மதப் படிவம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். அக்காவிடம் கையெழுத்து வாங்கியது முழுக்க ஆங்கிலம், பைபாஸ் என்று வேறு வழி இருப்பதாக ஒரு வரி இல்லை. என்ன சிகிச்சை, அதில் என்ன ஆபத்து, வேறு என்ன வழி உண்டு என்று விளக்கிய பிறகு வாங்குவதுதான் சம்மதம் என்று 2008-லேயே சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆபரேஷன் முடிந்தவர்கள் வீட்டில்: காய்ச்சல், மூச்சு வாங்குதல், இடது தோளில் வலி, நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது, இதில் எது வந்தாலும் கவுன்சிலருக்கு போன் போட்டுக்கொண்டிருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போங்கள். தையல் கசிவாக இருக்கலாம், நுரையீரலில் ரத்தக்கட்டியாக இருக்கலாம். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் நிறுத்தக்கூடாது. வருஷாவருஷம் ரத்தப் பரிசோதனை உண்டு, அந்தச் செலவை எந்தப் பேக்கேஜிலும் எழுத மாட்டார்கள்.

எங்களைப் போல ஏற்கெனவே மாட்டியவர்கள் முதலில் கேஸ் ஷீட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மேலே சொன்ன அதே 2002 மருத்துவர் நடத்தை விதி. எங்களுக்கு "எம்.டி. ஊர்ல இல்ல" என்று இழுத்தடித்தார்கள், பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு கடிதம் போன பிறகுதான் ஜெராக்ஸ் வெளியே வந்தது. டாக்டர் மீது மருத்துவக் கவுன்சிலிலும், ஆஸ்பத்திரி மீது மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்திலும் தனித்தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். பணத்துக்கு நுகர்வோர் ஆணையம், சென்னை வடக்கு மாவட்டத்துக்கென்று தனியாக இருக்கிறது. கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். கேஸ் ஷீட் கேட்டு நாங்கள் எழுதிய கடிதம் தமிழில் என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.