ஜி-யா, மீட்டர்/விநாடி²-ஆ?

ஈர்ப்பு முடுக்கத்தை (ஈர்ப்பால் விழும் பொருளின் வேகம் விநாடிக்கு எவ்வளவு கூடுகிறது என்பதை) எழுத நமக்கு அதிகம் எதிர்ப்படும் அலகுகள் இந்த இரண்டுதான். மாற்றும் கணக்கு ஒரே வரி: 1 ஜி = 9.80665 மீ/வி². ஜி-யை மீ/வி² ஆக்க இந்த எண்ணால் பெருக்கவும், திருப்ப வகுக்கவும். மனக்கணக்கு என்றால் பத்தால் பெருக்கி 2 சதவீதம் கழித்தால் போதும். 3 ஜி என்பது சுமார் 29.4.

உணர்ந்து புரிந்துகொள்ள ஜி-தான் எனக்குப் பிடிக்கும். நிலவில் 1.62 மீ/வி² என்றால் சட்டென்று எதுவும் தோன்றாது. 0.165 ஜி என்றால், நம் எடையில் ஆறில் ஒரு பங்கு என்று உடனே புரிந்துவிடும்.

ஆனால் பலர் தடுக்கி விழும் இடமும் அதுதான். ஜி என்பது நீங்கள் நிற்கும் இடத்தின் ஈர்ப்பு அல்ல, 1901-இல் நிர்ணயித்த நிலையான மதிப்பு. நிலநடுக்கோட்டில் கடல்மட்டத்தில் உண்மையான அளவு 9.780, துருவத்தில் 9.832. அதாவது 0.997 ஜி, 1.003 ஜி. மாற்றும்போது உள்ளூர் மதிப்பால் வகுத்துவிடாதீர்கள்.

விசை, வேகம் என்று சூத்திரத்துக்குள் இறங்கினால் மீ/வி² தவிர வேறு வேண்டாம். அப்புறம், போனில் முடுக்கத்தை அளக்கும் சென்சாரின் தரவு எடுப்பவர்கள் கவனிக்க: ஆண்ட்ராய்டு மீ/வி²-இல் தரும், ஐபோன் ஜி-யில் தரும். குறியும் மாறும். திரை மேலே பார்க்க மேசையில் வைத்தால் இசட் அச்சில் (திரைக்குச் செங்குத்தான திசையில்) முன்னது +9.81, பின்னது −1.