35 டொலர் மீன்பிடி லைசன்ஸ்: அப்பாவோடு போய்ப் பார்த்ததில்

போன பங்குனியில் அப்பா யாழ்ப்பாணத்து வேலணையில் இருந்து மூன்று மாத விசாவில் சிட்னிக்கு வந்தார். வயது 79. வந்து மூன்றாம் நாள், விடியத் தேத்தண்ணி குடித்தபடி கேட்டார்: "பிள்ளை, இஞ்ச தூண்டில் போட எங்க போறது?"

நான் போனை எடுத்து அவருக்கு லைசன்ஸ் எடுக்கத் தொடங்கினேன். அவருடைய முகம் சுருங்கிவிட்டது. "தூண்டில் போடக் காசோ? கடலுக்கு ஆர் சொந்தக்காரன்?"

நியாயமான கேள்வி. ஒன்பது வருடமாக நான் இந்தக் காசைக் கட்டி வருகிறேன், ஆனால் அவருக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அந்த மூன்று மாதமும் அவரோடு கரைகளில் நின்றபோதுதான் பதில் கிடைத்தது. நியூ சவுத் வேல்ஸ் அரசு எங்களிடம் வாங்கும் பொழுதுபோக்கு மீன்பிடிக் கட்டணம் கொடுத்த காசுக்குப் பெறுமதியா என்று புதிதாக வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காசுக் கணக்கு. மூன்று நாளுக்கு 7 டொலர், ஒரு மாதத்துக்கு 14, ஒரு வருடத்துக்கு 35, மூன்று வருடத்துக்கு 85. அப்பா நிற்கப்போவது மூன்று மாதம்தானே, மாதச் சீட்டு போதும் என்று நினைத்தேன். கூட்டிப் பார்த்தால் ஒரு மாதச் சீட்டு மூன்று எடுக்க 42 டொலர். வருடச் சீட்டே மலிவு! அம்மா அப்பாவை அழைக்கிற எல்லாரும் இதை மனதில் வைத்திருங்கள். மாநில அரசின் சேர்விஸ் என்எஸ்டபிள்யூ இணையத்தளத்தில் பெயர், பிறந்த திகதி, விலாசம், வங்கி அட்டை விபரம் கொடுத்து முடிக்கப் பத்து நிமிடமும் செல்லவில்லை. என்னுடையது போனில் சேர்விஸ் என்எஸ்டபிள்யூ செயலிக்குள்ளேயே இருக்கிறது. அப்பாவுக்குப் பற்றுச்சீட்டை அச்சடித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.

யார் கட்டத் தேவையில்லை என்பதில்தான் எங்கள் ஆட்கள் கூடுதலாகக் குழம்புகிறார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை. என் மகனுக்கு 14, அவனுக்கு ஒன்றும் தேவையில்லை. இங்கே பென்சனியர் கன்செஷன் காட் (ஓய்வூதியச் சலுகை அட்டை) வைத்திருக்கிற முதியவர்களுக்கும் இல்லை, இந்த மண்ணின் பூர்வகுடி மக்களுக்கும் இல்லை. ஆனால் 60 தாண்டினால் கிடைக்கிற சீனியர்ஸ் காட் இதற்குச் செல்லாது. கோயிலில் சந்தித்த ஒரு ஐயா இரண்டு வருடமாக அதையே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிடித்திருக்கிறார், பாவம். ஊரில் இருந்து விசாவில் வருகிறவருக்கு 79 வயது என்றாலும் கட்டத்தான் வேண்டும். வாடகைப் படகில் போனால் படகுக்காரரே கட்டணத்தைக் கட்டியிருக்கக்கூடும், போகமுதல் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கட்டணம் தூண்டில் தடிக்கு மட்டும் இல்லை. கைத்தூண்டில், நண்டுக்கூடு, இறால் வலை, இரைக்குப் புழு தோண்டுவது எல்லாம் இதற்குள் வருகின்றன. நான் முதன்முதல் நண்டுக்கூடு வாங்கிய கடையில் நின்ற பொடியன் "கூட்டுக்கு லைசன்ஸ் தேவையில்லை" என்று அடித்துச் சொன்னான். நம்பிக்கொண்டு போனேன். இரண்டாம் கிழமை துறையடியில் அதிகாரி பிடித்து, எச்சரித்து விட்டார். தண்டம் போடாதது அவருடைய நல்ல மனது. கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்க் கரையில் நின்றாலே கட்டணம் கட்டியிருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். விற்கிறவன் வாயைக் கேட்டுக்கொண்டு தண்ணீருக்குப் போகாதீர்கள்.

அப்பா எதிர்பாராத விசயம் அடுத்தது. நாங்கள் இருப்பது ஹோம்புஷில். வீட்டுக்குக் கிட்டிய தண்ணீர் ஹோம்புஷ் குடாவும் பரமட்டா ஆறும். காரில் கொஞ்ச நேரம்தான். அப்பா முதல் பார்த்ததும் அதைத்தான். கண்டல் மரம், சேறு, வற்றும்போது துள்ளுகிற மணலைக் குஞ்சுகள். பண்ணைப் பாலத்தடி மாதிரியே இருக்கு என்று அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அங்கே பிடிக்கலாம், பிடித்ததைத் தின்னக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது.

அந்தக் குடாக்கரையில் யூனியன் கார்பைட் தொழிற்சாலை இருந்தது. வியட்நாம் போரில் காட்டை அழிக்கத் தெளித்த ஏஜென்ட் ஒரேஞ்சில் சேர்ந்த களைநாசினியைச் செய்த இடம். அங்கிருந்து வந்த டயொக்சின் என்ற நஞ்சு அடிச்சேற்றில் தங்கிவிட்டது. சேற்றில் மேய்கிற புழுவுக்கும் இறாலுக்கும் போய், அதைத் தின்கிற மீனின் கொழுப்பில் சேர்கிறது. சமைத்தாலும் போகாது. 2006ல் சிட்னி துறைமுகத்தில் வலை போட்டுத் தொழில் செய்வதையே நிறுத்தினார்கள். தூண்டில்காரருக்கு அரசு சொல்கிற புத்தி இதுதான்: ஹாபர் பாலத்துக்கு மேற்கே (எங்கள் குடாவும் ஆறும் அந்தப் பக்கம்தான்) பிடித்த மீன், நண்டு, இறால் எதையும் சாப்பிட வேண்டாம். பாலத்துக்குக் கிழக்கே என்றால் பொதுவாக மாதத்துக்கு 150 கிராம், அதற்கு மேல் வேண்டாம். 150 கிராம் என்றால் ஒரு ஆளுக்கு ஒரு நேரக் கறி.

இதை நான் பெரிய எழுத்தில் எழுத விரும்புகிறேன். பரமட்டா ஆற்றில் மெடோபாங்க் துறையடியில் பின்னேரங்களில் எங்கள் வயது போனவர்கள் வாளியோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆற்றங்கரையில் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. நின்று வாசிக்கிற பழக்கம் எங்களிடம் குறைவு. லைசன்ஸ் கையில் இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறோம். லைசன்ஸ் பிடிக்க விடும். தின்னலாமா என்பது வேறு கேள்வி, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாச்சிகளுக்கும் பொரித்துக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு நித்திரை வராது.

அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப தின்னக்கூடிய தண்ணி எங்க இருக்கு?" என்றார்.

ஸ்ட்ராத்பீல்டில் ரயில் ஏறினால் ஒரு மணித்தியாலம் மட்டில் ஹோக்ஸ்பெரி ரிவர் ஸ்டேஷன். அதுதான் புரூக்லின். இறங்கி நடந்தால் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளாப்பில் போனோம். அப்பாவுக்குத் தடி பிடிக்கவில்லை. தங்கூசியை வெறும் போத்தலில் சுற்றி, ஈயக்குண்டு கட்டி, இறால் குத்தி, ஊரில் வீசுகிற மாதிரியே வீசினார். ஆட்காட்டி விரலில் தங்கூசியைத் தொட்டபடி கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். சிறு வயதில் பண்ணை மதகில் அவருக்குப் பக்கத்தில் நான் இருந்ததும் இப்படித்தான். கொத்துகிறது மீனா நண்டா என்று விரலே சொல்லும் என்பார்.

முதல் வந்தது பிரீம். எங்கள் விளைமீனை ஞாபகப்படுத்துகிற முதுகு. மடக்கக்கூடிய மஞ்சள் அடிமட்டத்தில் வைத்தேன், 23 செ.மீ. சட்டம் கேட்பது 25. அப்பா என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். "ரண்டு சென்ரிமீற்றர்தானே, பிள்ளை." ஈரக் கையால் பிடித்து, தூண்டிலைக் கழற்றி விட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த வீச்சு கொஞ்சம் கோபமாகத்தான் போனது.

நண்டுக்கூட்டை ஒன்பதரை மணிக்குத் தூக்கினோம். மணலைத் தலை கட்டி விட்ட கூடு. மூன்று நீலக்கால் நண்டு. அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. நண்டு போட்டுக் காய்ச்சுகிற ஒடியல் கூழைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அந்த நேரம்தான் மீன்வளத் துறை அதிகாரி ஒரு பெண், துறையடியில் இறங்கி வந்தார். லைசன்ஸைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். அப்பா அடிமட்டத்தை எடுத்து நண்டை முள்ளில் இருந்து முள்ளுக்குக் குறுக்காக அளந்து "பதின்மூன்று" என்று காட்டினார். அவர் சிரித்தபடி குந்தி இருந்து, நண்டின் பின்காலைப் பிடித்துத் திருப்பி, கண்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் இருந்து முதுகோட்டின் பின் விளிம்பு நடுவுக்கு நெடுக்காக அளந்து காட்டினார். 6.3. நீலக்கால் நண்டுக்கு 6.5 வேண்டும், களிநண்டுக்கு 8.5. அது தண்ணீருக்குப் போனது. அடுத்தது 7.1, அது எங்களுக்கு.

மூன்றாவது எல்லாவற்றிலும் பெரியது. திருப்பினால் வயிற்று மடலுக்குக் கீழே செம்மஞ்சள் பஞ்சு மாதிரிச் சினை. எந்த அளவு என்றாலும் சினை வெளியில் தெரிகிற நண்டை விட்டுவிட வேண்டும். அப்பாவுக்கு இது சரியாக நொந்தது. ஊரில் சினை நண்டு கிடைத்தால் அது விருந்து, அம்மா அதைத் தனியாக எடுத்து வைப்பா. "அதுதான் ருசி" என்று தமிழில் அதிகாரியிடமே சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சொன்னதையும் அப்பாவுக்குச் சொன்னேன்: அந்தப் பஞ்சுக்குள் இருக்கிறது இலட்சக்கணக்கான முட்டை. அப்பா கொஞ்ச நேரம் நண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே குனிந்து, எறியாமல், தண்ணீருக்குள் கையை விட்டு நண்டை விட்டார்.

ரயிலில் திரும்பி வரும்போது காசு எங்கே போகிறது என்று கேட்டார். இதைத்தான் நான் அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். இந்தக் கட்டணம் அரசின் பொதுக் கஜானாவில் கலப்பதில்லை. உப்புத் தண்ணீருக்கு ஒன்று, நல்ல தண்ணீருக்கு ஒன்று என்று இரண்டு நம்பிக்கை நிதிகள் சட்டப்படி வைத்திருக்கிறார்கள், அதற்குள் போகிறது. பாறை ஓரங்களில் கட்டித் தொங்குகிற மிதவை வளையங்கள், கடலுக்குள் இறக்கிய செயற்கைப் பாறைத் திட்டுகள், மீன் வெட்டுகிற மேசைகள், ஆறுகளில் விடுகிற மீன் குஞ்சுகள் எல்லாம் அதில் இருந்துதான். 2002ல் பொட்டனி குடா, லேக் மக்குவாரி உட்பட 30 இடங்களைத் தூண்டில்காரருக்கு என்று ஒதுக்கினார்கள். அங்கே தொழில் செய்த வலைக்காரரின் உரிமங்களைக் காசு கொடுத்து வாங்கியதும் இந்த நிதியால்தான்.

அப்பா இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தியப் பக்கத்து இழுவைப் படகுகள் பாக்கு நீரிணையின் அடியை வழித்துக்கொண்டு போவதை வாழ்நாள் பாதி பார்த்தவர். இலங்கையில் 2017ல் இழுவைமடிக்குத் தடைச் சட்டம் வந்த நாளும் அவருக்கு ஞாபகம். ஆனால் அவர் கேட்டது நான் நினைத்ததை இல்லை. "அந்த வலைக்காரர் பிறகு என்ன செய்தவங்கள்? நட்டஈடு குடுத்தா தொழில் போனது போனதுதானே." எங்கள் பொழுதுபோக்குக்காக ஒருவருடைய சோறு நகர்ந்தது என்பதை ஒன்பது வருடத்தில் நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. வாரம் ஒருநாள் இரண்டு மீனுக்காக நிற்கிற என்னைப் போன்றவர்கள் அளவு விதிகளை மதிக்கிறதாவது அவர்களுக்குச் செய்கிற மரியாதை என்று நினைக்கிறேன்.

விதிகள் நிற்காமல் மாறும். டஸ்கி ஃபிளாட்ஹெட் மீனுக்கு முன்பு நாளுக்கு பத்து, அதில் 70 செ.மீ.க்கு மேல் பெரியது ஒன்று வைத்திருக்கலாம். இப்போது 36க்கும் 70 செ.மீ.க்கும் இடையில் ஐந்து மட்டும். 70க்கு மேல் வளர்ந்தது அநேகமாக முட்டை போடுகிற தாய் மீன், அது திரும்பிப் போக வேண்டும். பழைய அட்டையை வாளியில் ஒட்டி வைத்திருப்பவர்கள் கழற்றிவிடுங்கள். ஃபிஷ்ஸ்மார்ட் என்று துறையின் இலவசச் செயலி இருக்கிறது. மீனின் படம், அளவு, எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். கரைக்குப் போகமுதல் ஒருதரம் திறந்து பாருங்கள். எங்கே தூண்டில் போடவே கூடாது என்பதையும் பாருங்கள். பொட்டனி குடாவுக்குள்ளேயே டவுரா பொயின்ட்டில் முழுத் தடை உள்ள பகுதி இருக்கிறது.

இந்த லைசன்ஸுக்கு ஐந்துக்கு நாலரை புள்ளி கொடுக்கிறேன். அரையைக் குறைத்தது, இரண்டு மூன்று மாதம் வந்து நிற்கிற முதியவர்களுக்கு ஏற்ற சீட்டு ஒன்று இல்லாததற்காக. 35 டொலருக்கு ஒரு வருடம் முழுக்க இந்தத் தண்ணீர் ஓரத்தில் நிற்கலாம் என்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த முறை என்னுடையதை மூன்று வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறேன்.

ஆனியில் அப்பா திரும்பிப் போனார். போன கிழமை போன் எடுத்தபோது, அந்த மஞ்சள் அடிமட்டத்தைக் காணவில்லை, எங்கேயாவது பார்த்தாரா என்று கேட்டேன். தன்னுடைய பறிக்குள் இருக்கிறது என்றார். அன்றைக்குக் காலையும் மதகடியில் ஒரு நண்டை நெடுக்காக அளந்து பார்த்தாராம்.