குறு நடனப்படங்களுக்கான பன்னாட்டு இயங்கலைப் போட்டி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

மேடையில் ஆடியதை ஓரிடத்தில் நிறுத்திய கேமராவில் பதிந்து அப்படியே அனுப்பிவிடலாம் என்று எண்ணுவோருக்கு இந்தப் போட்டி ஏற்றதன்று. கேமராவுக்கென்றே ஒரு நடனத்தை அமைக்கத் துணிபவர்களுக்கோ, செலுத்தும் கட்டணத்திற்கு மேலாகவே இது பயன் தருகிறது. ஐரோப்பாவில் இயங்கும் குழு ஒன்று முழுக்க முழுக்க இயங்கலையில் (இணையவழி) நடத்தும் போட்டி இது. படம் 5 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. 18 வயதுக்குட்பட்டோருக்குத் தனிப்பிரிவு உண்டு. தேர்வானாலும் ஆகாவிட்டாலும் ஒவ்வொரு படத்திற்கும் நடுவர்கள் எழுத்தில் கருத்துரை வழங்குகிறார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபம் ஒன்றில் நான் நடத்தும் பரதநாட்டிய வகுப்பின் மாணவியர் சென்ற சுற்றில் பங்கேற்றனர். படம் இறுதிச்சுற்று வரை சென்றது, பரிசு கிடைக்கவில்லை. தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் நடனம் கற்பிக்கும் மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்பட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

விதிமுறைகளோடு வரும் வழிகாட்டிக் குறிப்பு, அமெரிக்காவில் மாயா டெரன் 1945இல் எடுத்த சில நிமிடப் படம் ஒன்றை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. அதில் ஆடுபவர் காட்டில் தூக்கிய காலை ஒரு வீட்டின் அறைக்குள் இறக்குவார். இடம் மாறிவிடும், அசைவோ அறுபடாமல் தொடரும். படத்தொகுப்பும் நடன அமைப்பின் ஓர் உறுப்பே என்பதை மாணவர்களுக்கு விளக்க இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும், அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து 1948இல் வெளிவந்த, உதய் சங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாக்கிய 'கல்பனா'வைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமே. ஒரு முழுநீளப் படத்தையே நடனத்தால் நிறைத்த அந்தத் துணிவை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதால், வகுப்பில் இரண்டைப் பற்றியும் சேர்த்தே பேசினோம்.

மாணவியர் தேர்ந்தெடுத்த களம் பால்மர (ரப்பர்) தோட்டம். செம்பனை பெருகிவிட்ட இந்நாளில் எஞ்சி நிற்கும் பால்மர நிரைகளுக்கிடையே, பாட்டிமார் விடியலில் மரம் சீவிய உடலசைவைப் பரதநாட்டியத்தின் அடிப்படை ஆடல் அலகுகளான அடவுகளோடு இணைப்பது அவர்களின் எண்ணம். மரத்தைச் சுற்றிச் சாய்வாகக் கத்தியை இழுத்தபடி, முதுகு வளைத்து, அடிமேல் அடியாகப் பின்னோக்கி நகரும் அந்த அசைவில் ஏற்கெனவே ஒரு தாளம் இருக்கிறது. அதை, முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி நிற்கும் அரைமண்டிக்குள் கொண்டுவந்தது அவர்களேதான், நான் சொல்லிக்கொடுத்தது அன்று. நடுவர்கள் இந்தப் பகுதியையே மிகச் சிறந்ததாகக் குறிப்பிட்டு, ஆடுபவரோடு சேர்ந்து கேமராவும் மரத்தைச் சுற்றியதால் உழைப்பின் சுமை பார்ப்பவரின் உடலுக்கும் எட்டுகிறது என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அதே கருத்துரையில், பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் தட்டடவு வரும் இடத்தில் இடுப்புக்கு மேல் மட்டும் காட்டியது பிழை என்றும், தாளம் பாதத்தில் இருக்கும்போது கேமரா பாதத்தை விட்டு விலகக்கூடாது என்றும் கண்டித்திருந்தார்கள். பரதநாட்டியத்தின் இலக்கணத்தை முறையாகப் பயிலாத நடுவர் ஒருவர் அசைவை மட்டும் பார்த்து இதைக் கண்டறிந்திருக்கிறார் என்பது அவருடைய எழுத்திலிருந்து தெரிந்தது. அந்தக் கூர்மையை மதிக்கிறேன். அபிநயப் பகுதியில் கண்களின் அசைவைக் குறைத்திருக்கலாம் என்ற ஆலோசனையை மட்டும் நான் பாதியே ஏற்கிறேன். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் எட்ட வேண்டும் என்று பழக்கிய புருவம் அண்மைக் காட்சியில் பெரிதாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் முகபாவத்தையே அடக்கிவிட்டால், பதம் என்ற அபிநய உருப்படியில் மிஞ்சுவது என்ன?

தொழில்நுட்பக் குறிப்புகள் போதுமானவையாக இல்லை. நம் நாட்டு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்தின் பழைய குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கைப்பேசியை வினாடிக்கு 30 சட்டங்கள் (பிரேம்கள்) என்ற வழக்கமான அமைப்பிலேயே விட்டால் படத்தில் கருநிறப் பட்டைகள் ஓடக்கூடும். 25 சட்டங்களும் 1/50 நொடி ஒளிபதிவு வேகமும் (ஷட்டர் வேகம்) வைத்தால் அவை மறைந்துவிடும்.

இசை உரிமை பற்றிய விதி கடுமையானது. கடுமையாக இருப்பதே சரி. பாரதியார் 1921இல் மறைந்தவர் என்பதால் அவருடைய பாடல் வரிகளைப் பயன்படுத்துவதில் தடையில்லை. ஆனால் கடையில் வாங்கிய குறுந்தகட்டிலுள்ள ஒலிப்பதிவுக்கு வேறொருவர் உரிமையாளர். ஆகவே உள்ளூர்ப் பாடகி ஒருவரையும் மிருதங்கம் வாசிப்பவர் ஒருவரையும் அழைத்துப் பதிவுசெய்து, இருவரிடமும் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் பெற்றோம். தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லும் நட்டுவாங்கத்தை நானே செய்தேன். விதியின் நெருக்கடியால் விளைந்ததானாலும், எங்கள் பட்டணத்தின் குரலே படத்தில் ஒலிப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. பெற்றோர் ஒப்புதல் படிவத்தில், படத்தை விளம்பரத்திற்குப் பயன்படுத்த ஏற்பாட்டாளர்களுக்கு உரிமை அளிக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது; கையெழுத்திடுவதற்கு முன் அதைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்கிச் சொல்வது ஆசிரியரின் கடமை.

பொதுமக்கள் வாக்களிப்பில் வழங்கப்படும் விருதைப் பொருட்படுத்தாதீர்கள். பெரிய நகரத்து நிறுவனங்களின் உறுப்பினர் பலத்தோடு ஒரு சிறு பட்டணத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள் போட்டியிட இயலாது. அந்த ஓட்டத்தில் பிள்ளைகளின் பயிற்சி நேரம்தான் வீணாகும். இந்தப் பிரிவையே போட்டியிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.

கட்டணம் யூரோவில் பெறப்படுகிறது, தவணை (கெடு நாள்) தள்ளத் தள்ள உயர்கிறது. ஆகவே முதல் தவணையிலேயே செலுத்துவது நல்லது. இறுதி நேரம் மத்திய ஐரோப்பிய நேரப்படி இரவு 11.59 என்று குறிக்கப்பட்டிருக்கும். நமக்கு அது மறுநாள் காலை 6.59, அங்குக் கோடைக்கால நேரம் நடப்பிலுள்ள மாதங்களில் 5.59.

பதிவுப் படிவத்தைப் பற்றி ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். அது குடும்பப்பெயரைக் கட்டாயமாகக் கேட்கிறது. நம் அடையாள அட்டையில் ‘மகள்’ என்பதைக் குறிக்கும் ஏ/பி என்பதன் சாய்கோட்டை ஏற்க மறுக்கிறது. தந்தையின் பெயரை அந்தக் கட்டத்தில் நிரப்பியதால், ஆடிய பெண்களின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி, தந்தையரின் பெயர்களே சான்றிதழில் பெரிதாக அச்சாகி வந்தன. எழுதிக் கேட்டதும் ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புடன் புதிய சான்றிதழ்களை அனுப்பினர். படிவத்தை மட்டும் இன்னும் மாற்றவில்லை. மாற்றும்வரை இரண்டு கட்டங்களிலும் மாணவியின் சொந்தப் பெயரையே எழுதி, முழுப்பெயரைக் குறிப்புப் பகுதியில் தாருங்கள்.