என்.எஃப்.எல். நடத்தை விதி: குழந்தையை அடித்த வீரர்களை எப்படிக் கையாள்கிறது?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் இந்த விதிக்கு 5-க்கு 3 நட்சத்திரம்.

2014 டிசம்பரில் திருத்தி எழுதப்பட்ட விதி தெளிவானது. முதல் முறை குழந்தை வதை உறுதியானால் அடிப்படைத் தண்டனை 6 ஆட்டங்களுக்குச் சம்பளமில்லாத் தடை; சூழ்நிலையைப் பொறுத்து அது குறையவோ கூடவோ செய்யலாம். ஆயுதம் எடுத்தாலோ, திரும்பத் திரும்ப அடித்தாலோ தண்டனை கூடலாம். நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இது அவசியம்தான். கீழே சொல்லும் வழக்கு நடந்த டெக்சாஸ் மாநிலத்தின் சட்டமே பெற்றோர் 'நியாயமான' அளவில் அடிக்க இடம் கொடுக்கிறது. அந்த அளவு எது என்பதில்தான் வழக்குகள் இழுபடுகின்றன.

இந்த விதி வருவதற்கு முன் நடந்தது பெரிய குளறுபடி. மினசோட்டா வைக்கிங்ஸ் வீரர் ஏட்ரியன் பீட்டர்சன், இலை உருவிய விளாறால் 4 வயது மகனை அடித்தார். பிள்ளையின் தொடையெல்லாம் தழும்பு. நீதிமன்றம் விதித்தது 4,000 டாலர் அபராதமும் 80 மணி நேரச் சமூக சேவையும். லீகோ சம்பவத்துக்குப் பிறகு கடுமையாக்கிய அளவுகோலைப் பின்னோக்கிப் பொருத்தி, 2014 சீசனின் எஞ்சிய ஆட்டங்களுக்குச் சம்பளமில்லாமல் நிறுத்தியது. 2015-இல் மாவட்ட நீதிபதி அதைச் செல்லாதென்றார். 2016-இல் மேல்முறையீட்டில் லீக் வென்றது. குழந்தையின் காயத்தை விட்டுவிட்டு, தேதியைப் பற்றியே இரண்டு வருடம் வாதாடினார்கள்.

2020 முதல், முதற்கட்ட முடிவை லீகும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து நியமிக்கும் அதிகாரி எடுக்கிறார். நல்ல மாற்றம். ஆனால் மேல்முறையீடு இன்னும் லீகின் தலைவரான கமிஷனர் கையில்தான். அதற்காகவே இரண்டு நட்சத்திரம் குறைத்தோம்.