கீழாநெல்லியா, நிலவேம்பா?

மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி, காய்ச்சலுக்கு நிலவேம்பு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் கல்லீரலைக் காக்கும் மூலிகை என்ற பெயர் இரண்டுக்கும் உண்டு. கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்துக் கல்லீரலைக் கெடுத்த எலிகளில் இரண்டுமே பலன் காட்டியிருக்கின்றன. எது மேல் என்று கேட்டால், அந்தச் செடியை எப்படி உள்ளே அனுப்புகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

நிலவேம்பின் கதை எளிது. ஓர் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தாலே அதன் முக்கியப் பொருள் எதுவென்று தெரிந்துவிடும். அந்தக் கசப்புக்குப் பெரும்பங்கு காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற வேதிப்பொருள். உடலில் அழற்சியைக் கிளப்பும் என்எஃப் கப்பா பி என்ற புரதத்தின் பி50 பகுதியில், 62-ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் அது போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரு மூலிகைப் பொருள் எங்கே வேலை செய்கிறது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிவது அபூர்வம். குளிர்ந்த நீரில் அது சரியாகக் கரையாது. கொதிக்க வைத்துக் கஷாயமாகக் குடிப்பதில் இருக்கும் நியாயம் அதுதான். நிலவேம்புக் குடிநீர் என்று வாங்கும் பொடியில் வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று இன்னும் எட்டுச் சரக்குகள் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது.

கீழாநெல்லி அவ்வளவு நேரானது இல்லை. அதில் வேலை செய்யும் பொருள்கள் இரண்டு கூட்டம். பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற லிக்னன்கள் எண்ணெய்ப் பசையை நாடுபவை, தண்ணீரில் கரைய மறுப்பவை. ஜெரானியின், கோரிலாஜின் என்ற டானின்கள் தண்ணீரில் நன்றாகவே இறங்கும். கொதிக்க வைத்து வடிகட்டினால் டானின்கள் கிடைக்கும்; லிக்னன்களில் பெரும்பகுதி சக்கையோடு குப்பைக்குப் போகும். செடியை அப்படியே அரைத்து மோரில் கலக்கிக் குடிக்கும் பழக்கத்தில் இலையே வயிற்றுக்குள் போகிறது. அந்த முறையில்தான் இரண்டு கூட்டமும் சேர்ந்து வரும்.

கீழாநெல்லியின் பெயரை உலகறியச் செய்த சோதனையும் சென்னையில் நடந்ததுதான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்கும், சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவும் சேர்ந்து 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்கள். வேர் நீக்கி உலர்த்திய செடித்தூள், தினம் மூன்று வேளை 200 மில்லிகிராம், 30 நாள். அந்த வைரஸ் உடலில் இருந்தவர்களில், தூள் கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் மறைந்தது. படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் 1990-இல் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. அதனால் ஹெபடைடிஸ் பி-க்கு இது மருந்து என்று இன்று சொல்ல முடியாது.

எந்தச் செடியைப் பறித்தோம் என்பதும் கணக்கில் வரும். இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வரிசையாகக் காய் தொங்கும். ஆனால் அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியான சிவப்புக் கீழாநெல்லியிலும் அப்படித்தான். காயைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்பு, வழவழப்பாக இருந்தால் நமக்கு வேண்டியது. பில்லாந்தின் சிவப்பில் மிகக் குறைவு.

சரி, தேர்வு? சளி, தொண்டை வலிக்கு நான் நிலவேம்பைத்தான் எடுப்பேன், மனிதர்களில் செய்த சோதனைகள் அதற்குச் சாதகம். ஆனால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருக்கிறது, கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். காமாலைக்கு, அரைத்த கீழாநெல்லி, அதுவும் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் பிறகு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே வடிந்துவிடும், எந்தச் செடியைக் குடித்தாலும் பெயர் அதற்குப் போகும். பித்தக்குழாயில் கல் அடைத்து வந்த காமாலை என்றால் இரண்டு செடியுமே அந்தக் கல்லை நகர்த்தாது.