தஞ்சாவூரில் வீணை வாங்கப் போகிறீர்களா?

பெரிய கோயில், சரஸ்வதி மகால், திருவையாற்றில் தியாகராஜர் சமாதி என்று சுற்றிவிட்டு, ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில் வீணைப் பட்டறைக்குள் நுழைபவர்கள் ஏராளம். அப்படி வாங்கினால் கையில் வருவது யாளி முகம் வைத்த அலங்காரப் பொருளாகத்தான் இருக்கும். வீணைக்கென்று ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள். பெரும்பாலும் ஜனவரியில் வரும் தியாகராஜர் ஆராதனை நாட்களில் மட்டும் வேண்டாம், தங்க அறை கிடைப்பதே பாடு.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்கு மரம் பலா. குடம் (உருண்டையான ஒலிப்பகுதி), தண்டி (நீண்ட கழுத்து), யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. குடமும் தண்டியும் சேருமிடத்தில் ஓடும் அலங்காரப் பட்டையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், இரண்டிலும் பட்டை இருக்கும். வீணையைக் கவிழ்த்து, மரத்தின் ரேகை குடத்திலிருந்து தண்டிக்குத் தொடர்கிறதா என்று பாருங்கள். அடர்ந்த பாலிஷ் ரேகையை மறைத்துவிடும்; மெருகு போடுவதற்கு முன்பே பார்ப்பது நல்லது. கற்கத் தொடங்குபவருக்கு நல்ல ஒட்டு வீணையே தாராளம். மிச்சப் பணத்தில் கெட்டியான பெட்டி வாங்கலாம்.

உண்மையான சோதனை மேளத்தில்தான், அதாவது தண்டியின் மேல் மெட்டுகளை வரிசையாகப் பதித்த அமைப்பில். விரலால் தந்தியை அழுத்தும் 24 உலோக மெட்டுகளும் மெழுகின் மேல் பதிக்கப்பட்டவை. முதல் தந்தியான சாரணியை ஸட்ஜத்துக்குச் சேர்த்தபின் 12ஆம் மெட்டில் மேல் ஸட்ஜமும் 24ஆம் மெட்டில் அதற்கடுத்த ஸட்ஜமும் சுத்தமாகப் பேச வேண்டும். பிறகு 7ஆம் மெட்டில் பஞ்சமத்தைப் பிடித்து, தந்தியை இழுத்து நிஷாதம் வரை கொண்டுபோங்கள். கரகரத்தால் அடுத்த மெட்டு உயர்ந்து நிற்கிறது என்று அர்த்தம். மெழுகை இளக்கி அங்கேயே சரிசெய்துவிடுவார்கள், ஊருக்கு வந்தபின் அதற்கு ஆள் தேடுவது கஷ்டம். எல்லா மெட்டிலும் ஒரே மாதிரி சீறினால் கோளாறு தந்திகளைத் தாங்கும் குதிரையின் உலோகத் தகட்டில். அதன் வளைவை அரத்தால் லேசாக ராவினாலே போதும், அதிகம் ராவினால் தகடு போய்விடும்.

விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் சரியாக உலராத மரம். மரம் எத்தனை காலம் உலர்ந்தது என்று கேளுங்கள், 'நல்லா காஞ்சதுங்க' என்ற பதிலோடு விட்டுவிட வேண்டாம்.

கிளம்பும்போது தண்டிக்கு அடியில் இருக்கும் சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியே கட்டுங்கள். தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, குதிரைக்கு அடியில் துணி வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வீணையை விடாதீர்கள். மெழுகு இளகி மெட்டுகள் சாய்ந்துவிடும், மேளத்தை முழுவதும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும்.