பார்வோ ஸ்ட்ரிப் கிட்: கோடு விழுந்தால் நம்பலாம், விழாவிட்டால்?

கைவிடப்பட்ட நாய்க்குட்டிகளைப் பராமரிக்கும் காப்பகத்தில், புதிதாக வரும் குட்டிகளைப் பார்த்துப் பிரித்து வைப்பது என் வேலை. அதனால் குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தப் பேதியும் உண்டாக்கும் பார்வோ வைரஸுக்கான விரைவுப் பரிசோதனைக் கிட் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பல கம்பெனிகளின் கிட்டைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பைக்குள் ஸ்ட்ரிப் பொதிந்த ஒரு கேசட், பஞ்சுக்குச்சி, பஃபர் திரவம், டிராப்பர். குச்சியை ஆசனவாயில் மெதுவாக விட்டுச் சுழற்றி எடுத்து, பஃபரில் நன்றாகக் கலக்கி, சில சொட்டுகளைக் கேசட்டில் விட வேண்டும். மலத்தில் வைரஸின் புரதம் இருந்தால் ஸ்ட்ரிப்பில் உள்ள ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) அதைப் பிடித்து நிறுத்தும், ‘டி’ (டெஸ்ட்) இடத்தில் கோடு விழும். கிட் சரியாக வேலை செய்ததைக் காட்டும் ‘சி’ (கன்ட்ரோல்) கோடு எப்படியும் விழ வேண்டும். அது இல்லையென்றால் அந்தக் கேசட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். பத்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும்.

அந்த வேகத்துக்காகவே இதை மதிக்கிறேன். பார்வோ குடலின் உள்படலத்தைப் புதுப்பிக்கும் செல்களை அழிக்கிறது; எலும்பு மஜ்ஜையையும் தாக்கி வெள்ளையணுக்களைக் குறைக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்காது. சீக்கிரமே டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, தீவிரமாகக் கவனித்தால் பத்தில் எட்டு, ஒன்பது பிழைத்துவிடும். இன்னொரு பக்கம், இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் ஆல்கஹால் சானிடைசருக்கு அசையாது, மண்ணில் பல மாதங்கள் கிடக்கும். ஒரு குட்டியை வாசலிலேயே பிரித்து வைத்தால் உள்ளே இருக்கும் எல்லாக் குட்டிகளுக்கும் அது பாதுகாப்பு.

சரி, குறைக்கு வருவோம். நோய் அறிகுறிகளோடு வந்த குட்டிக்கு ‘டி’ கோடு விழுந்தால் அநேகமாக அது பார்வோதான். விழாவிட்டால் பார்வோ இல்லை என்று சொல்லவே முடியாது. வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் என்ற ஆய்வகப் பரிசோதனையோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளில் இந்த ஸ்ட்ரிப்கள் நோயுள்ள நாய்களில் கணிசமானவற்றைத் தவறவிட்டிருக்கின்றன. சில ஆய்வுகளில் பாதிக்கும் மேல். காரணம் இருக்கிறது. தொற்றி நான்கைந்து நாள் கழித்துத்தான் வைரஸ் மலத்தில் வரத் தொடங்கும். ரத்தப் பேதி ஆரம்பிக்கும் நேரத்தில் குட்டியின் உடலே ஆன்டிபாடி தயாரித்து வைரஸைச் சுற்றிக்கொள்வதால், ஸ்ட்ரிப்பில் உள்ள ஆன்டிபாடிக்குப் பிடிக்க இடம் கிடைக்காது. பேதி தண்ணீராகப் போனால் மாதிரியே நீர்த்துவிடும். ஆக, நோய் மும்முரமாக இருக்கும்போதே கிட் கோட்டை விடலாம்.

இது தெரியாமல், நெகட்டிவ் வந்ததும் வாந்தி எடுக்கும் குட்டியை மற்றவற்றோடு சேர்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தனி அறையிலேயே வைத்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ திரும்பப் பாருங்கள். வெள்ளையணு எண்ணிக்கை பாருங்கள், முடிந்தால் பிசிஆருக்கு அனுப்புங்கள். சிகிச்சையை எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் உள்ள தடுப்பூசி போட்ட சில நாட்களில் மங்கலான கோடு வரலாம். அதனால் முதலில் தடுப்பூசித் தேதியைக் கேட்பேன். குட்டி துள்ளிக்கொண்டிருந்தால் அந்தக் கோட்டுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். சோர்ந்து படுத்திருந்தால், தடுப்பூசி போட்டிருந்தாலும் பார்வோவாகவே எடுத்துக்கொள்வேன்.

1978-ல் உலகெங்கும் பரவிய இந்த வைரஸ் அதன்பின் 2ஏ, 2பி, 2சி என்ற வகைகளாக மாறியிருக்கிறதே, பழைய கிட் பிடிக்குமா என்று கேட்பார்கள். மூன்றையும் பிடிக்கிறது. பூனைகளின் பான்லூகோபீனியா வைரஸும் இதற்கு நெருங்கிய சொந்தம் என்பதால் பூனைக்குட்டிகளுக்கும் மருத்துவர்கள் இதையே பயன்படுத்துவதுண்டு.

சில கம்பெனிகள் மீது எனக்குக் கோபம் உண்டு. பெட்டியில் துல்லியத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எதனோடு ஒப்பிட்டு, நோயின் எந்தக் கட்டத்தில் எடுத்த மாதிரியில் பார்த்தார்கள் என்பது துண்டுச்சீட்டில்கூட இருப்பதில்லை. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இது சரியில்லை. குச்சியும் சிலவற்றில் பிஞ்சுக் குட்டிக்குத் தடிமன். அப்புறம், கிட்டை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் அறை வெப்பத்துக்கு வந்தபின்தான் பிரிக்க வேண்டும்.

வீட்டில் ஒரு நாய் வளர்ப்பவர்களுக்கு இது தேவையில்லை. குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை தடுப்பூசித் தவணைகளை விடாமல் போடுங்கள். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி முந்தைய ஊசிகளை வேலை செய்ய விடாமல் தடுத்திருக்கலாம், அதனால் கடைசித் தவணை முக்கியம். காப்பகம், கிளினிக் நடத்துபவர்கள் தாராளமாக வாங்கலாம். அறிகுறியுள்ள குட்டிக்குத் தலா இரண்டு கேசட் என்று கணக்கு வைத்து வாங்குங்கள்.